‘ஃப்ரெண்ட்லி பெர்சுவேஷன்’ (1956): படம் பார்த்துவிட்டு எல்லோரும் கேட்கும் கேள்விகள்

பழைய ஹாலிவுட் படங்களில் எதைப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தப் படத்தைத்தான். பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். கதையை முடிவு வரை பேசியிருக்கிறேன். படம் பார்க்காதவர்கள் முதல் ஆறு கேள்விகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இது என்ன படம்? பேரே கேள்விப்பட்டதில்லையே!

1956-இல் வந்த அமெரிக்கப் படம். இயக்கியவர் வில்லியம் வைலர். மூன்று வருஷம் கழித்து ‘பென்ஹர்’ எடுத்தவர் என்றால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அப்பாவாக கேரி கூப்பர், அம்மாவாக டோரதி மெக்வயர், மூத்த மகனாக அந்தோனி பெர்கின்ஸ். ஆமாம், ‘சைக்கோ’வில் பார்த்த அதே பெர்கின்ஸ்தான். அதற்கு நான்கு வருஷம் முன்னால், பால் வடியும் முகத்தோடு இருக்கிறார். கலர் படம், 137 நிமிடம்.

1957-இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருது இதற்குத்தான் கிடைத்தது. அந்த வருஷம் போட்டியில் இங்மர் பெர்க்மனின் ‘ஏழாவது முத்திரை’யும் இருந்தது. அந்தப் படத்தை இன்றும் சினிமா மாணவர்கள் விழுந்து விழுந்து படிக்கிறார்கள், இதை மறந்துவிட்டார்கள்.

கதை என்ன? சண்டைப் படமா, குடும்பப் படமா?

முக்கால்வாசி குடும்பம், கால்வாசி போர். 1862, அடிமை முறையை வைத்து வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிக்கொண்ட அமெரிக்க உள்நாட்டுப் போர் நடக்கும் காலம். வடக்குப் பக்கம் நின்ற இண்டியானா மாநிலத்தின் தென்பகுதியில் ஒரு பண்ணை வீடு. ஜெஸ் பேர்ட்வெல், மனைவி எலைசா, வாலிப வயது மகன் ஜாஷ், மகள் மேட்டி, கடைக்குட்டி சின்ன ஜெஸ். குவேக்கர் குடும்பம், அதாவது எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் எடுக்கக் கூடாது என்ற நம்பிக்கை உள்ளவர்கள். போர் தூரத்தில் இருக்கும் வரை அந்த நம்பிக்கையால் பெரிய தொல்லை இல்லை. எதிர்ப்படையின் குதிரைவீரர்கள் மாவட்டத்துக்குள்ளேயே வந்ததும் ஒவ்வொருவரும் தனக்குத்தானே பதில் சொல்ல வேண்டியதாகிறது.

அதுவரை படம் சிரிப்பும் சேட்டையுமாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குப் போகும் வழியில் பக்கத்துப் பண்ணை சாம் ஜோர்டனோடு குதிரை வண்டிப் பந்தயம், சந்தையில் மேட்டியின் நடனம், மூன்று பெண்களை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை தேடும் ஒரு விதவையம்மாவிடம் ஜாஷ் மாட்டிக்கொள்வது. “எப்பதான் கதை ஆரம்பிக்கும்?” என்று முதல் ஒரு மணி நேரம் கேட்டவர்களை எனக்குத் தெரியும். அதுதான் கதை, கொஞ்சம் பொறுங்கள்.

குவேக்கர்னா யாரு? கிறிஸ்தவங்கதானே? அப்புறம் ஏன் பாதிரியாரே இல்ல, எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்காங்க?

கிறிஸ்தவர்கள்தான். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர் தொடங்கிய இயக்கம். தங்களை ‘நண்பர்கள்’ என்று சொல்லிக்கொள்வார்கள். குவேக்கர், அதாவது நடுங்குகிறவர், என்பது மற்றவர்கள் கேலியாக வைத்த பெயர். அதுவே நிலைத்துவிட்டது. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது, அதைக் கேட்க இடையில் ஆள் தேவையில்லை என்பது அவர்கள் நம்பிக்கையின் வேர். அதனால் பலிபீடம் இல்லை, பாட்டு இல்லை, சம்பளத்துக்குப் பாதிரியார் இல்லை. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே ஏதாவது தூண்டினால் எழுந்து பேசலாம். இதற்கு ‘மீட்டிங்’ என்று பெயர்.

இப்படிப் பேசும் வரம் ஒருவருக்கு இருக்கிறது என்று சபை கண்டுகொண்டால் அவரை ஊழியராக ஏற்றுக்கொள்ளும். பெண்களும் ஆகலாம், தொடக்கம் முதலே அப்படித்தான். எலைசா அப்படி ஏற்கப்பட்ட ஊழியர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நடக்கும் ஒவ்வொரு சின்னத் தப்பும் அவளுக்கு ஏன் பெரிதாகப் படுகிறது என்பதற்குப் பதில் இதில் இருக்கிறது.

படத்தின் பெயரிலும் ‘நண்பர்’ இருக்கிறார். ‘பெர்சுவேஷன்’ என்பதற்கு இணங்க வைத்தல் என்று ஒரு பொருள். பழைய ஆங்கிலத்தில் சமய நம்பிக்கை என்றும் ஒரு பொருள். அடிக்காமல் பேசி வழிக்குக் கொண்டுவருவது, குவேக்கர் மார்க்கம் இரண்டையும் அந்தப் பெயர் சேர்த்துச் சொல்கிறது.

எல்லாரும் ஏன் ‘தீ’, ‘தீ’ன்னு பேசுறாங்க? எங்க நெருப்புப் பிடிச்சுது?

தமிழ்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பழைய ஆங்கிலத்தில் நம் ‘நீ’, ‘நீங்கள்’ போல இரண்டு சொற்கள் இருந்தன. நெருங்கியவர்களுக்கும் தாழ்ந்தவர்களுக்கும் ஒன்று (நீங்கள் கேட்ட ‘தீ’, thee, அதுதான்), பெரிய மனிதர்களுக்கு மற்றொன்று. கடவுள் முன்னால் எல்லோரும் சமம் என்றால் பேச்சில் மட்டும் எதற்கு ஏற்றத்தாழ்வு என்று குவேக்கர்கள் நீதிபதியையும் பிரபுவையும் ‘நீ’ என்றே கூப்பிட்டார்கள். தொப்பியையும் கழற்றவில்லை. இதற்காக அடி வாங்கினார்கள், சிறைக்கும் போனார்கள். கலெக்டர் முன்னால் நின்று “நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், 19-ஆம் நூற்றாண்டுக்குள் மற்ற ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ‘நீ’யையே கைவிட்டு எல்லோரையும் ‘நீங்கள்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சமத்துவத்துக்காகத் தொடங்கிய பேச்சு, கடைசியில் குவேக்கர் வீட்டுக்குள் மட்டும் புழங்கும் செல்லப் பேச்சாக மிஞ்சியது. ஜெஸ் தன் மனைவியை அப்படிக் கூப்பிடும்போது அது மரியாதைக் குறைவாகக் கேட்பதே இல்லை, கொஞ்சலாகத்தான் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமையை ‘முதலாம் நாள்’ என்பதும் இதே ரகம். சூரியன், சந்திரன், பழைய தெய்வங்கள் பெயரில் கிழமை எதற்கு என்ற பிடிவாதம். நம் ஞாயிறும் திங்களும் அவர்களிடம் தேறியிருக்காது.

குழந்தைகளோட பார்க்கலாமா?

தாராளமாக. சின்ன ஜெஸ்ஸுக்கும் எலைசா செல்லமாக வளர்க்கும் சமந்தா என்ற கூஸ் வாத்துக்கும் நடக்கும் தீராப் பகைக்காகவே குழந்தைகள் பார்ப்பார்கள். கடைசி அரை மணி நேரத்தில் துப்பாக்கிச் சூடும் சாவும் உண்டு, ஆனால் கோரமாக இல்லை.

ஒரு ஆர்கன் வாங்கினதுக்கு ஏன் அவ்வளவு ரகளை?

இசை, மனதை உள்ளே போகவிடாமல் வெளியே இழுக்கும் என்பது அந்தக் காலக் குவேக்கர்களின் எண்ணம். ஜெஸ்ஸுக்கோ பாட்டு என்றால் உயிர். சந்தையில் ஆர்கன் பெட்டியைப் பார்க்கிறார், வாசித்துப் பார்க்கிறார், மனைவியைக் கேட்காமல் வாங்கிவிடுகிறார். சாதாரண வீடாக இருந்தால் புருஷன் பெண்டாட்டி சண்டையோடு போயிருக்கும். மேலே சொன்னபடி இது சபை ஊழியரின் வீடு. ஆர்கன் உள்ளே வந்தால் நான் வெளியே என்று எலைசா கொட்டகைக்குப் படுக்கையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்.

ஜெஸ் ஆர்கனைத் திருப்பி அனுப்பவும் இல்லை, மனைவியை அதட்டவும் இல்லை. ராத்திரி அவரும் கொட்டகைக்கே போகிறார். காலையில் இரண்டு பேரும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டு வருகிறார்கள். ஆர்கன் பரணுக்குப் போகிறது. பிறகு ஒருநாள் சபைப் பெரியவர்கள் வந்திருக்கும்போது மேலே மேட்டி ஆர்கனைத் தொட்டுவிட, கீழே ஜெஸ் அந்தச் சத்தத்தை அமுக்குவதற்காக உரக்க ஜெபம் செய்யத் தொடங்குகிறார். ஜெபம் நீண்டுகொண்டே போகிறது. பெரியவர்கள் அவருடைய பக்தியில் உருகிப்போகிறார்கள்.

படத்தின் ஆகச் சிறந்த இடம் இதுதான் என்பேன். சிரித்துக்கொண்டே பார்க்கும்போது ஒரு விஷயம் நமக்குள் இறங்கிவிடுகிறது: இந்த வீட்டில் விதி உண்டு, விதி மீறலும் உண்டு, மீறியவரை வெளியே தள்ளும் பழக்கம் மட்டும் இல்லை. போர் வரும்போது இதே கணக்கு இன்னும் பெரிய தொகையில் திரும்பி வருகிறது. (இசையைத் தடைசெய்த குடும்பத்தின் படத்தைப் பலரும் பாட் பூன் பாடிய தலைப்புப் பாடலால்தான் நினைவு வைத்திருக்கிறார்கள் என்பது தனி வேடிக்கை.)

மோர்கன் படைன்னு சொல்றாங்களே, அது நிஜமா நடந்ததா?

நடந்தது. தென்மாநிலக் கூட்டமைப்பின் தளபதி ஜான் ஹண்ட் மோர்கன் 2,000-க்கும் மேற்பட்ட குதிரைவீரர்களோடு படம் சொல்லும் 1862-க்கு மறு வருஷம், 1863 ஜூலை 8-ஆம் தேதி, கென்டக்கியிலிருந்து ஓஹாயோ ஆற்றைக் கடந்து இண்டியானாவுக்குள் நுழைந்தார். மறுநாள் கோரிடன் ஊரில் உள்ளூர் காவல்படை தடுத்துப் பார்த்துத் தோற்றது. அப்புறம் ஊர் ஊராகப் போய்க் குதிரைகளைப் பிடுங்குவது, கடைகளைச் சூறையாடுவது, பாலங்களையும் ரயில் பாதையையும் நாசம் செய்வது. ஜூலை 26-இல் ஓஹாயோ மாநிலத்தில் பிடிபட்டார்.

கதை நடக்கும் பகுதியில் உள்ள வெர்னன் ஊருக்கு ஜூலை 11-இல் வந்து சரணடையச் சொன்னார். ஊரைக் காத்தவர்கள் மறுத்தார்கள். மோர்கன் சண்டைக்கு நிற்காமல் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அதாவது படத்தில் வரும் ஆற்றங்கரைச் சண்டை வெர்னன் சரித்திரத்தில் இல்லை. இதைப் பற்றி நாவல் கேள்வியில் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன்.

குவேக்கர்கள் அடிமை முறையை எதிர்த்தவங்கதானே? அதை ஒழிக்கிற போருக்குப் போகாம இருக்கிறது கோழைத்தனம் இல்லையா?

படத்தில் ராணுவ அதிகாரி ஒருவர் மீட்டிங்குக்குள்ளேயே வந்து ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறார். சாதாரணக் கேள்வி இல்லை. பிலடெல்பியா குவேக்கர் சபை 1776-லேயே தன் உறுப்பினர்கள் அடிமைகளை வைத்திருக்கக் கூடாது என்று தடை போட்டது. இண்டியானாவின் நியூபோர்ட் ஊரில் லீவை காஃபின் என்ற குவேக்கர் வியாபாரி, தப்பி வந்தவர்களுக்குத் தன் வீட்டில் அடைக்கலம் கொடுத்து வடக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். சட்டப்படி அது குற்றம். கோழைகள் செய்கிற வேலை இல்லை.

ஆனால் அதே சபைதான் 1660-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸிடம், எந்த நோக்கத்துக்காகவும் ஆயுதம் எடுக்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தது. இருநூறு வருஷம் கழித்து அவர்கள் வேண்டிக்கொண்ட காரியமே அவர்கள் வெறுத்த வழியில் நிறைவேறத் தொடங்கியது. இண்டியானாவின் குவேக்கர் இளைஞர்கள் நிறையப் பேர் உண்மையிலேயே படையில் சேர்ந்தார்கள். ஜாஷ் கற்பனைப் பாத்திரம்தான், அவனுடைய சங்கடம் கற்பனை இல்லை.

போருக்கு வரமாட்டேன்னு சொன்னா அரசாங்கம் சும்மா விட்டுடுமா?

1863 மார்ச்சில் வந்த கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டப்படி, பெயர் வந்தவர் தனக்குப் பதில் ஆளை அனுப்பலாம் அல்லது 300 டாலர் கட்டலாம். யாராக இருந்தாலும் இதே விதிதான். பல குவேக்கர்களுக்கு இதுவும் இடித்தது. நான் சுடாமல், சுடுவதற்குக் காசு கொடுத்தால் என்ன வித்தியாசம்? 1864 பிப்ரவரியில் சட்டத்தைத் திருத்தி, சமய நம்பிக்கையால் ஆயுதம் எடுக்காதவர்கள் மருத்துவமனையில் வேலை செய்யலாம், விடுதலையான அடிமைகளைப் பராமரிக்கும் பணிக்குப் போகலாம், இல்லையென்றால் காயம்பட்டவர்களுக்காக 300 டாலர் கொடுக்கலாம் என்று ஆக்கினார்கள்.

படத்தில் ஜாஷுக்கு வரும் நெருக்கடி இந்தச் சட்டத்தால் வந்ததில்லை. யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அதனால்தான் அடுத்த கேள்வி வருகிறது.

அப்பா நினைச்சிருந்தா ஜாஷைத் தடுத்திருக்கலாமே? ஏன் விட்டார்?

பலருக்கு இது உறுத்துகிறது. நம் வீடுகளில் பெற்றவர்கள் சொல்லி நிறுத்தியிருப்பார்கள், இல்லையென்றால் அம்மா சாப்பிடாமல் படுத்திருப்பாள். எலைசா கெஞ்சத்தான் செய்கிறாள். ஜெஸ்ஸின் நிலை வேறு. நான் அவனுக்கு அப்பா மட்டும்தான், அவன் மனசாட்சி நான் இல்லை என்கிறார். ஒவ்வொருவருக்குள்ளும் ஒளி உண்டு என்று சொன்னேனே, அதை மகனுக்கும் பொருத்திப் பார்க்கிற நேர்மை இது. தன் மகனுக்குள் இருக்கும் ஒளி தன்னுடையதுக்கு எதிராகப் பேசினால் என்ன செய்வது என்பதற்கு அந்த மார்க்கத்தில் சுலபமான வழி கிடையாது.

ஜாஷ் வீரன் மாதிரி பேசுவதில்லை என்பதையும் கவனியுங்கள். தான் சண்டைக்குப் போகாமல் இருப்பது கொள்கையாலா, பயத்தாலா என்று அவனுக்கே தெரியவில்லை. அது தெரியாமல் அவனால் உட்கார முடியவில்லை. இதற்கு நேர் எதிராகப் பர்டி என்று ஒரு சபைக்காரர் வருகிறார். என்ன நடந்தாலும் ஆயுதம் தொடமாட்டேன் என்று மீட்டிங்கில் முழங்கியவர், தன் களஞ்சியம் எரிந்ததும் எல்லோரையும் துப்பாக்கி எடுக்கச் சொல்லிக் கத்துகிறார். சந்தேகப்பட்ட பையன் அழுதுகொண்டே சுடுகிறான். சந்தேகமே படாத மனிதர் ஒரே நாளில் தலைகீழாகிறார்.

எலைசா துடைப்பத்தால சிப்பாயை அடிச்சுட்டாங்களே! அப்போ கொள்கை அவ்வளவுதானா?

மோர்கனின் ஆட்கள் பண்ணைக்கு வந்ததும் எலைசா அவர்களை உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறாள். எதிரிக்குச் சோறு போடுவது அவள் மார்க்கத்துக்கு ஒத்த காரியம், தைரியமும் வேண்டும். அதுவரை அவள் அசையவில்லை. ஒருத்தன் சமந்தாவைச் சமையலுக்குப் பிடிக்கப் போனதும் துடைப்பத்தை எடுத்து விளாசிவிடுகிறாள். அடித்த பிறகு அவள் முகத்தைப் பாருங்கள். வந்தவனை விட அவள்தான் அதிர்ந்து போகிறாள்.

தியேட்டரில் எல்லோரும் சிரிக்கும் இடம் இது. ஆனால் வைலர் இதை வைத்திருக்கும் இடம் தற்செயல் இல்லை. அதே நேரத்தில் ஆற்றங்கரையில் மகன் துப்பாக்கியோடு இருக்கிறான். மகன் போகக் கூடாது என்று மன்றாடிய தாய், ஒரு கூஸ் வாத்துக்காகக் கை ஓங்கிவிட்டாள். ஆர்கனுக்காகக் கணவனைக் கொட்டகைக்கு அலையவிட்டவளும் இவள்தான். இனிமேல் யாரையும் கேள்வி கேட்க அவளுக்கு வாய் வராது.

கடைசியில ஜெஸ் சண்டை போடறாரா இல்லையா? எனக்குக் குழப்பமா இருந்துச்சு.

கைகலப்பு உண்டு, கொலை இல்லை. ஜாஷின் குதிரை ஆள் இல்லாமல் திரும்பி வந்ததும் ஜெஸ் தேடிப் போகிறார். வழியில் நண்பர் சாம் ஜோர்டன் மறைந்திருந்தவனால் சுடப்பட்டுச் சாகக் கிடக்கிறார். மெதடிஸ்ட் சபைக்காரரான சாம் போருக்குப் போனவர்தான். ஆனாலும் வேறு நல்ல வழிக்காகப் பிடிவாதமாக நிற்க ஒருவராவது இருப்பதில் தனக்குச் சந்தோஷம் என்று ஜெஸ்ஸிடம் முன்பு சொன்னவர். அதே ஆள் ஜெஸ்ஸையும் சுடுகிறான். ஜெஸ் செத்தவர் போல விழுந்து கிடக்கிறார். அவன் பக்கத்தில் வந்ததும் பாய்ந்து மல்லுக்கட்டித் துப்பாக்கியைப் பிடுங்குகிறார். பிடுங்கிய பிறகு, போ என்று விட்டுவிடுகிறார்.

தன்னைக் காக்க அவன் கையை முறுக்கியது குவேக்கர் விதிக்குள் வருமா என்று சிலர் நுணுக்கமாகக் கேட்கிறார்கள். வன்முறை கூடாது என்பதைக் கடுமையாக எடுத்துக்கொள்பவர்கள் வராது என்பார்கள். எனக்கு அந்த இடத்தில் தெரிவது ஜெஸ்ஸின் முகம் மட்டும்தான்: துப்பாக்கி கையில், கொன்றவன் எதிரில், நண்பன் பின்னால் பிணமாக. கொல்ல முடியும் என்ற நிலையில் கொல்லாதது. சும்மா வீட்டில் உட்கார்ந்துகொண்டு கொல்லாமல் இருந்தது அதற்கு ஈடாகாது.

கேரி கூப்பர் எப்பவும் துப்பாக்கி ஹீரோதானே? இந்த வேஷத்துக்கு எப்படி ஒத்துக்கிட்டார்?

அவருக்கே தயக்கம் இருந்தது. கதையை எழுதிய ஜெசமின் வெஸ்ட் படப்பிடிப்பு அனுபவத்தைத் தனிப் புத்தகமாக எழுதியிருக்கிறார். தன் படங்களில் ஒரு கட்டத்தில் நான் ஏதாவது செய்வேன் என்று ஜனங்கள் காத்திருப்பார்கள் என்று கூப்பர் சொல்ல, பலசாலி ஒருவன் செய்யாமல் தன்னை அடக்கிக்கொள்வதை இந்தத் தடவை பார்க்கட்டுமே என்றாராம் வெஸ்ட்.

இதன் சுவை தெரிய கூப்பரின் பழைய படங்கள் இரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1941-இல் ‘சார்ஜென்ட் யார்க்’: சமயக் காரணத்தால் போரை மறுக்கும் கிராமத்தான், கடைசியில் முதல் உலகப் போரின் பெரிய வீரனாகிறான். 1952-இல் ‘ஹை நூன்’: கூப்பர் ஷெரீப், மனைவியாக வரும் கிரேஸ் கெல்லி ஒரு குவேக்கர். கணவனைக் காப்பாற்ற அந்தப் பெண்ணே ஒருவனைச் சுட்டுக் கொல்கிறாள். இரண்டுக்கும் கூப்பருக்கு ஆஸ்கர் கிடைத்தது. இரண்டு படங்களும் கொள்கைக்காரரின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து முடிகின்றன. மூன்றாவது முறை அதே நடிகர் அதைக் கீழே போடுகிறார், இந்த முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைகூட இல்லை.

அப்போ இந்தப் படத்துக்கு ஆஸ்கர் எதுவுமே கிடைக்கலையா?

ஆறு பரிந்துரைகள்: படம், இயக்கம், துணை நடிகர் (பெர்கின்ஸ்), தழுவல் திரைக்கதை, ஒலி, பாடல். ஒன்றும் கிடைக்கவில்லை. சிறந்த படமாக ‘எண்பது நாட்களில் உலகைச் சுற்றி’யைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

நாவலும் படமும் ஒண்ணுதானா?

நாவல் என்பதை விடச் சிறுகதைத் தொடர் எனலாம். 1945-இல் புத்தகமாக வந்தது. ஜெசமின் வெஸ்ட் இண்டியானாவின் வெர்னன் பக்கம் 1902-இல் பிறந்து, கலிபோர்னியாவில் குவேக்கராக வளர்ந்தவர். தன் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டியை மனதில் வைத்து எழுதினார். அதே வம்சத்தில் இன்னொரு கிளையில் வந்தவர் பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ரிச்சர்ட் நிக்சன். கதையின் ஜெஸ் நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர். குழந்தைகளும் படத்தில் இருப்பதைவிட அதிகம். லேப் என்ற இன்னொரு மகன் படத்துக்கு வரவேயில்லை.

பெரிய வித்தியாசம் போர்தான். புத்தகத்தில் ஜாஷ் சண்டைக்குப் போகிறான், எதிரி வரவே இல்லை, இருட்டில் மேட்டிலிருந்து விழுந்து அடிபட்டுத் திரும்புகிறான். மேலே சொன்ன வெர்னன் சரித்திரத்தோடு இது ஒத்துப்போகிறது. படத்தில் அவன் சுடுகிறான், கொல்கிறான், காயம்படுகிறான். புத்தகத்தின் முடிவு எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒன்றும் நடக்காமல் போன போரை வைத்துக்கொண்டு ஜாஷின் கேள்விக்குப் பதில் தேட முடியாது. வைலர் மாற்றியது சரி என்றே நினைக்கிறேன்.

ஆரம்பத்துல பேர் போடும்போது திரைக்கதை யாருன்னே வரலையே. பிரிண்ட் கோளாறா?

கோளாறு இல்லை, வேண்டுமென்றே விட்டது. முதலில் திரைக்கதை எழுதியவர் மைக்கேல் வில்சன். இயக்குநர் பிராங்க் காப்ரா எடுப்பதாக இருந்தபோது 1940-களில் எழுதிக் கொடுத்தார். 1951-இல் கம்யூனிஸ்டுகளைத் தேடிய நாடாளுமன்றக் குழு அவரை விசாரணைக்குக் கூப்பிட்டது. அவர் ஒத்துழைக்கவில்லை, யார் பெயரையும் சொல்ல மறுத்தார். அதோடு ஹாலிவுட்டில் வேலை தரக் கூடாதவர்களின் கறுப்புப் பட்டியலில் சேர்ந்தார். வைலர் படத்தை எடுத்து முடித்தபோது, ஜெசமின் வெஸ்ட், தன் அண்ணன் ராபர்ட் வைலர் பெயர்களைத் திரைக்கதைக்குப் போட நினைத்தார். எழுத்தாளர் சங்கம் விசாரித்து, உரிமை வில்சனுக்கு என்றது. உடனே தயாரிப்பு நிறுவனம், பட்டியலில் உள்ளவருக்குப் பெயர் தர வேண்டியதில்லை என்ற விதியைக் காட்டி யார் பெயரும் இல்லாமலே வெளியிட்டது.

1957 தொடக்கத்தில் ஆஸ்கர் அகாடமியும் இப்படிப்பட்டவர்களுக்குப் பரிசு கிடையாது என்று விதி போட்டது. அதனால் திரைக்கதைக்குப் பரிந்துரை உண்டு, எழுத்தாளர் தகுதியற்றவர் என்று ஒரு விசித்திரக் குறிப்போடு அறிவிப்பு வந்தது. அதே விழாவில் கதைக்கான ஆஸ்கர் ‘ராபர்ட் ரிச்’ என்பவருக்குப் போனது. மேடைக்கு அவர் வரவில்லை, வரவும் முடியாது. அது பட்டியலில் இருந்த டால்டன் டிரம்போவின் புனைபெயர். 1957-இல் வந்த, இலங்கையில் எடுத்த ‘குவாய் ஆற்றுப் பாலம்’ படத்துக்கும் வில்சன்தான் கார்ல் ஃபோர்மனோடு சேர்ந்து எழுதினார். பரிசு நாவலாசிரியர் பெயருக்குப் போனது. 1984-இல்தான் அகாடமி அதைத் திருத்தியது. நம் படத்தில் வில்சன் பெயர் 1990-களில் சேர்க்கப்பட்டது. அவர் 1978-லேயே போய்விட்டார்.

இதில் யாரை மன்னிப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மனசாட்சிக்குப் பணிந்தவனைப் பற்றிய படத்தில், பெயர்களைச் சொல்ல மறுத்தவரின் பெயரை எடுத்துவிட்டார்கள். கதாநாயகன் கூப்பரோ 1947-இல் அதே குழுவின் முன் அவர்களுக்குச் சாதகமான சாட்சியாகப் போய் உட்கார்ந்தவர்.

ரீகன் கோர்பசேவுக்குக் கொடுத்த படம் இதுவா? நிஜமா?

நிஜம். 1988 மே மாதம் மாஸ்கோ உச்சி மாநாட்டு விருந்தில் இந்தப் படத்தின் பிரதியைப் பரிசாகக் கொடுத்துப் பேசினார். போரின் துயரத்தோடு, போரே வேண்டாம் என்பவர்களின் சிக்கலையும் படம் காட்டுகிறது என்பது அவர் வாதம். 1947-இல் ரீகனும் நடிகர் சங்கத் தலைவராக அந்தக் குழுவின் முன் சாட்சி சொன்னவர்தான். அவர் கையளித்த படத்தின் முதல் திரைக்கதை யாருடையது என்பதை முந்தின பதிலோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கடைசியா படம் மழுப்புதோன்னு தோணுது. சமாதானமும் சரி, சண்டையும் சரின்னா எப்படி?

பாதி ஒத்துக்கொள்கிறேன். பண்ணைக்கு வரும் எதிரிகள் ரொம்பவும் நாகரிகமாக இருக்கிறார்கள். எலைசாவின் நம்பிக்கைக்கு உண்மையான சோதனை வரவில்லை. அதைவிடப் பெரிய குறை ஈனாக். பண்ணையில் வேலை செய்யும் அந்தக் கறுப்பினத்தவர் தெற்கிலிருந்து தப்பி வந்தவர். பிள்ளைகள் இன்னும் அங்கே அடிமைகளாக இருக்கிறார்கள். இந்தப் போரில் அவரைவிட யாருக்குப் பங்கு அதிகம்? அவர் என்ன நினைக்கிறார் என்று படம் அதிக நேரம் கேட்கவில்லை. 1956-இன் ஹாலிவுட்டில் அது சாதாரணம்தான், ஆனாலும் குறை குறைதான்.

மழுப்பல் என்று நான் சொல்லாத இடமும் உண்டு. வைலர் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படைக்காகக் குண்டுவீச்சு விமானங்களில் பறந்து படமெடுத்தவர். அதில் ஒரு காது கேட்கும் சக்தியை இழந்தார். வில்சனும் அமெரிக்க மரைன் படையில் இருந்தவர். போர் தேவைப்பட்ட ஒரு காலத்தை வாழ்ந்தவர்கள், போருக்குப் போகாதவரை முட்டாளாகக் காட்டாமல் எடுத்த படம் இது. ஆர்கன் காட்சியில் பார்த்த அதே கணக்குத்தான்: அப்பா சுடவில்லை, மகன் சுட்டான், அம்மா துடைப்பம் எடுத்தாள், மூன்று பேரும் அடுத்த முதலாம் நாள் ஒரே மீட்டிங்குக்குப் போகிறார்கள்.

ஜெஸ் விட்டுட்ட ஆள் அடுத்த மேட்டுல இன்னொருத்தரைச் சுட்டா, அந்தச் சாவு யார் கணக்குல?

இதைக் கேட்டது பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். இதுவரை வந்த கேள்விகளில் இதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டாரே என்று சொல்லிச் சமாளித்துப் பார்த்தேன். இன்னொரு துப்பாக்கி கிடைக்காதா என்றாள். குவேக்கர் பதில் ஒன்று உண்டு: அவன் நாளை செய்யப்போவதற்கு அவன் பொறுப்பு, நான் இன்று செய்வதற்கு நான் பொறுப்பு. அந்தப் பெண்ணுக்கு அது போதவில்லை, எனக்கும் முழுதாகப் போதவில்லை.

அவள் இன்னொன்றையும் கவனித்திருந்தாள். மேட்டி காதலிக்கும் கார்ட், சாம் ஜோர்டனின் மகன். வடக்குப் படையின் சிப்பாய். உன் அப்பாவைக் கொன்றவன் என் கையில் சிக்கினான், நான் விட்டுவிட்டேன் என்று நாளைய மாப்பிள்ளையிடம் ஜெஸ் சொல்லியாக வேண்டும். அந்தப் பேச்சு படத்தில் இல்லை. 137 நிமிடத்தில் கூஸ் வாத்துக்கு அத்தனை நேரம் கொடுத்த வைலர், அதற்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கலாம்.